சூடு ஆகாத மருந்து

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிச் சில நாள் கழித்து ஊருக்கு வந்தேன். இரண்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்றுதான் எண்ணம். அதற்கு முன்பு ஆந்திரத்தில் இறால் குட்டையில் காவல் வேலை. அதற்கு முன்பு திருப்பூரில் சாயப்பட்டறை. அதற்கும் முன்பு, இங்கேயே பக்கத்தில், கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஒரே இடத்தில் இருந்தால் உடம்பில் ஏதோ ஊறுகிற மாதிரி இருக்கும், கிளம்பிவிடுவேன். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்க தம்பி என்று அண்ணி போனில் சொன்னதால் வந்தேன்.

அண்ணன் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு மேசை, மேசையில் இரண்டு தலையணை, தலையணை மேல் நெற்றி. நான் வந்ததைக் கேட்டுத் தலையைத் தூக்கினார். "வந்துட்டியாடா" என்றார். மறுபடி கவிழ்ந்துகொண்டார்.

அவர் விசைப்படகில் டிரைவர். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாத உடம்பு. இப்போது நாற்காலிதான் தெரிந்தது. உணவுக்குழாயில் கட்டி. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்து, கொஞ்சம் தேறி, பிறகு முதுகெலும்புக்கும் போய்விட்டது. இனிமேல் நோய்க்கு மருந்து இல்லை, வலிக்கு மட்டும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் அண்ணி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டே சொன்னார். அழவில்லை. அழுதெல்லாம் முடித்திருந்தார் என்று தெரிந்தது.

"படுத்து ரெண்டு மாசம் இருக்கும் தம்பி. படுத்தா முதுவுல நெருப்பு வச்ச மாதிரி இருக்காம். இப்பிடியே குந்திக்கிட்டே தூங்குறாரு. தூங்குறாருன்னு நாமதான் சொல்லிக்கிறோம்."

அண்ணனுக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை. பிழைக்க வேண்டும் என்று அவர் பேசி நான் கேட்கவில்லை. காலை நீட்டிப் படுக்க வேண்டும். மல்லாந்து படுத்து ஒரு தூக்கம் தூங்க வேண்டும். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இதைத்தான் சொன்னார். படகு வாங்க வேண்டும், வீடு கட்ட வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

வலிக்குக் கொடுத்த மாத்திரைகளை அவரால் விழுங்க முடியவில்லை. அண்ணி பொடி செய்து இளநீரில் கரைத்துக் கொடுப்பார். பாதி வழியிலேயே திரும்பி வந்துவிடும். மருந்து எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு துண்டில் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. வாந்தி எடுக்கும்போது முதுகு குலுங்கும். குலுங்கினால் வலி இன்னும் கூடும். வலிக்குக் கொடுக்கிற மாத்திரையே வலியைக் கொண்டுவந்தது.

இரண்டு நாள் முடிந்து நான் கிளம்புகிற அன்று அவரைக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆட்டோவில் ஒருவர் முன்பக்கமிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அண்ணியால் தனியாக முடியாது. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் வலிக்கென்று இருந்த பிரிவில் ஒரு நர்ஸ். நடுத்தர வயது, ஊர் நெரவிப் பக்கம். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்ததும் அந்த அம்மாள்தான் எங்களை உட்காரவைத்து ஒரு சிறிய உறையைப் பிரித்தார். உள்ளே தீப்பெட்டி அட்டை அளவில், கண்ணாடி மாதிரி, மெல்லிசாக ஒன்று இருந்தது. அவர் அதைப் பேட்ச் என்றார். எங்கள் வீட்டில் கடைசி வரைக்கும் அது பிளாஸ்திரிதான்.

"மாத்திரைக்கு வயிறு வேணும். அவருக்கு வயித்துக்குப் போற வழியே அடைச்சிருக்கு. இதுக்குத் தோலு இருந்தாப் போதும்" என்றார் நர்ஸ்.

அண்ணனின் சட்டையைத் திறந்து, நெஞ்சில் வலது பக்கம் முடியைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, வெறும் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, ஒட்டினார். அண்ணன் குனிந்து பார்த்தார்.

"வலி முதுவுல இருக்குங்க. நீங்க நெஞ்சுல ஒட்டுறீங்க."

"எங்க ஒட்டுனாலும் ரத்தத்துல கலந்து போயிடுங்கய்யா. முதுவுல ஒட்டுனா நீங்க சாஞ்சு சாஞ்சு தேச்சு எடுத்துடுவீங்க."

"காந்தவே இல்லியே?"

"காந்தாது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நாங்கள் அறிந்த பிளாஸ்திரி மருந்துக்கடையில் வாங்கி இடுப்பில் ஒட்டுவது. மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி காந்தும். காந்தக் காந்தத்தான் வேலை செய்கிறது என்று நம்பிக்கை வரும். இது ஒட்டியிருப்பதே தெரியவில்லை. தெரியாத ஒன்று எப்படி வேலை செய்யும் என்று அவர் முகத்தில் இருந்தது.

நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். மருந்து ஏற ஒரு நாள் பிடிக்கும், அதுவரை பொறுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றி வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். எண்ணெய், சோப்பு படக்கூடாது. பாதியாக வெட்டக்கூடாது. எடுத்ததை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துப் போட வேண்டும், பிள்ளைகள் கையில் படக்கூடாது. பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி அண்ணியைப் பார்த்துச் சொன்னார்:

"சூடு மட்டும் ஆவாதும்மா. வெந்நி ஒத்தடம், உப்பு ஒத்தடம், சுடுதண்ணிப் பை, எதுவும் கூடாது. சூடு பட்டா மூணு நாளு மருந்தும் ஒண்ணா எறங்கிடும். கூப்பிட்டு முழிக்கலைன்னா பிச்சு எடுத்துட்டு நேரா இங்க தூக்கிட்டு வந்துடணும்."

"ஒத்தடமே குடுக்க மாட்டோங்க" என்றார் அண்ணி. சொன்னபடி கடைசிவரை கொடுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனின் கூட்டாளி வந்தார். ஒரே படகில் பதினைந்து வருடம் வலை இழுத்தவர். பருத்த ஆள். எங்கே நின்றாலும் அவர் சத்தம் முதலில் வரும். தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் அரசலாற்றில் கட்டிக்கிடக்க, அவருக்கு வேலை எங்கள் வீட்டு வாசலில்தான்.

"என்னா டிரைவரே, பஞ்சர் ஒட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?"

"ஆமாண்டா. காத்து நிக்குதா எறங்குதான்னு நாளைக்குத்தான் தெரியும்."

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. வழக்கம்போல மேசையில் கவிழ்ந்து முனகிக்கொண்டிருந்தார். ஏமாற்றிவிட்டார்கள் என்று கூட்டாளி சொன்னார். அண்ணி நெஞ்சில் ஒட்டியிருந்ததைச் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே இருந்தார், சூடு ஏறிவிடக் கூடாது என்று.

மறுநாள் மதியத்துக்கு மேல் அண்ணன் தலையணையிலிருந்து நெற்றியைத் தூக்கி நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் முனகவில்லை. கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். பிறகு, யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுபோல மெதுவாக, "பாயைப் போடு" என்றார்.

அண்ணி பாயைப் போட்டு, அதன்மேல் பழைய சேலைகளை அடுக்கி விரித்தார். நானும் கூட்டாளியும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம். முதலில் ஒருக்களித்துப் படுத்தார். காத்திருந்தார். பிறகு முதுகைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தரையில் விட்டார். காலை ஒவ்வொன்றாக நீட்டினார். நீட்டி முடித்து, "ம்" என்றார். அவ்வளவுதான். தூங்கிவிட்டார்.

பக்கத்து வீடுகளிலிருந்து வந்து பார்த்தார்கள். பிறந்த பிள்ளையைப் பார்ப்பது மாதிரி வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் போனார்கள். அண்ணி அன்று தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டார். வீட்டில் மீன் குழம்பு வாசனை வந்தது. நான் எப்போது கிளம்புவது என்று யோசித்தேன். விசாகப்பட்டினத்தில் ஒரு காண்ட்ராக்டர் ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் பிளாஸ்திரியோடு இருப்பதும் ஒரு வேலைதான். சித்திரை மாத வெயிலில் வியர்வை ஊற்றும், ஓரம் தூக்கிக்கொள்ளும். ஓரத்தைச் சுற்றித் துணிப்பட்டை ஒட்டினோம். கடல்காற்றும் உப்பும் பட்டுக் காய்ந்த தோல், எந்தப் பசையையும் சீக்கிரம் ஏற்காது. மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றி ஒட்டினேன். அண்ணி ஒட்டமாட்டார், கை நடுங்கும் என்பார். மலச்சிக்கல் வந்தது, அதற்கு ஒரு மருந்து. வாய் உலர்ந்தது, அதற்கு ஈரத்துணி. என்றாலும் அவர் படுத்தார். படுத்து எழுந்தவர் பேசினார். டீசல் மானியம், படகு முதலாளி, யார் மகள் யாரோடு போனாள் எல்லாம் பேசினார். அப்படிப் பேசும்போதுதான் ஒருநாள் கடற்கரை மணலைப் பற்றிச் சொன்னார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போய் வந்து, வலை இழுத்து முதுகு விட்டுப்போனவர்கள் மதியத்தில் கரைக்குப் போவார்கள். கட்டுமரமோ படகோ கிடக்கும் ஓரமாகப் பார்த்து, மேல்மணலை வழித்துத் தள்ளுவார்கள். அது கொப்புளம் போட்டுவிடும். அதற்கு அடியில் இருக்கிற மணல்தான் பதம். அதில் ஆள் நீளத்துக்குக் குழித்துப் படுத்துக்கொண்டால் கூட இருப்பவர் நெஞ்சு வரைக்கும் மணலை இழுத்து மூடிவிடுவார். முகத்தில் துண்டு. ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்தால் புது ஆள். இதை யாரும் வைத்தியம் என்று சொன்னதில்லை. சாப்பிட்டபின் சாய்வது போல ஒரு காரியம். நானே சின்ன வயதில் பலமுறை அண்ணன் மேல் மணல் தள்ளியிருக்கிறேன்.

"ஒருவாட்டி மணல்ல படுக்கணும்டா. பாயில படுத்தாச்சு. மணல்ல படுத்தாத்தான் முதுவு நம்ம முதுவுன்னு தெரியும்" என்றார் அண்ணன்.

பார்க்கலாம் என்றேன். அடுத்த பிளாஸ்திரி வாங்க மறுநாள் காலை பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் போனேன். அது கடைகளில் கிடைக்காது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கூட்டம். வாங்கிக்கொண்டு திரும்ப மதியம் ஆகிவிட்டது.

வீட்டில் அண்ணி தனியாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சிவப்பு நாற்காலி இல்லை.

"கடக்கரைக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க தம்பி" என்றார். முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்து வெகுநாளாயிற்று. "கூட்டாளி வந்தாரு. ஒத்தடம் கிந்தடம் கூடாதுன்னு சொல்லிருக்காங்கன்னு சொன்னேன். ஒத்தடம் யாரு குடுக்கப்போறா, காத்து வாங்கத்தான் தூக்கிட்டுப் போறோம்னாரு. துண்டு கேட்டாங்க, குடுத்தேன்."

கடற்கரைக்கு நடந்தேன். மணல் செருப்பையும் மீறிச் சுட்டது. தூரத்தில் ஒரு பைபர் படகின் ஓரம் நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள். சிவப்பு நாற்காலி காலியாகத் தனியே நின்றது. கிட்டே போனதும் கூட்டாளி வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

"சத்தம் போடாத. டிரைவரு அசந்து தூங்குறாரு. எவ்வளவு நாளாச்சு பாரு, இப்பிடித் தூங்கி."

நெஞ்சு வரை மணல். முகத்தில் அண்ணி கொடுத்த துண்டு. துண்டின் ஓரத்தில் தாடை தெரிந்தது, தளர்ந்து, நிம்மதியாக. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் குந்தி, பீடி பற்ற வைத்தேன். யாரோ ஏதோ சொன்னார்கள், எல்லோரும் அடக்கிச் சிரித்தோம்.

கடற்கரையில் வளர்ந்தவனுக்கு ஒரு பழக்கம், சும்மா உட்கார்ந்திருந்தாலும் அலையைக் காது எண்ணிக்கொண்டிருக்கும். ஓர் அலை வந்து உடைந்து போயிற்று. அடுத்தது வந்து போயிற்று. முகத்துத் துண்டு அசையவில்லை. இன்னொன்றும் வந்து போன பிறகுதான் துண்டு கொஞ்சம் தூக்கி இறங்கியது. மறுபடி அலை, மறுபடி அலை. பீடியைப் போட்டுவிட்டுத் துண்டை இழுத்தேன். உதடு கருத்திருந்தது.

"அண்ணே" என்றேன். காதருகில் கத்தினேன். கன்னத்தில் அடித்தேன். தொடைச்சதையைக் கிள்ள மணலுக்குள் கையை விட்டேன். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது.

"டேய், என்னாடா, தூங்குறவர அடிக்கிற!" என்று கூட்டாளி என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"சூடு ஆவாதுண்ணே. மருந்துக்குச் சூடு ஆவாது."

"நாங்க எங்கடா சூடு குடுத்தோம்?"

அவர் கேட்டதில் பொய் இல்லை. அவருக்கு மணல் சூடாகவே தெரியவில்லை. அது மணல், அவ்வளவுதான். ஐந்து பேரும் கையால் வாரினோம். நெஞ்சில் பிளாஸ்திரியைச் சுற்றி வியர்வையில் நனைந்த மணல் அப்பிக்கிடந்தது. நகத்தால் சுரண்டிப் பிய்த்து எடுத்தேன். அந்த இடம் மட்டும் வெந்த மாதிரி சிவந்திருந்தது. மீன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று பக்கத்தில் நின்றது. அதிலிருந்த ஐஸ் பெட்டிகளைத் தள்ளிவிட்டு அவரைப் போட்டோம். வழியெல்லாம் கூட்டாளி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "டிரைவரே, மூச்சு வுடுங்க. வுடுங்க. இன்னொண்ணு. வுடுங்க" என்று வேலை வாங்கிக்கொண்டே வந்தார். அவர் சொன்னால் அண்ணன் மூச்சு விட்டார். சொல்லாவிட்டால் மறந்துபோனார்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டார்கள். அது அந்த மருந்தை முறிக்கிற மருந்து. போட்ட கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தார். திறந்ததும் கத்தினார். அப்படி ஒரு கத்தலை நான் எங்கும் கேட்டதில்லை. ஊசி மருந்தை முறித்தபோது, அது தடுத்து வைத்திருந்த வலி முழுவதும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேர் பிடித்துக்கொண்டோம்.

"எவன்டா என்னை எழுப்புனது?" என்றார்.

பின்னால் ஆட்டோவில் வந்து சேர்ந்த அண்ணி அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார்.

நர்ஸ் யாரையும் திட்டவில்லை. மணலில் படுக்காதே என்று சொல்ல எனக்கும் தோணலியே என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். அளவு குறைந்த பிளாஸ்திரி கொடுத்தார்கள். நாளை மறுநாளிலிருந்து ஒட்டலாம், சூடு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அந்த உறையை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். ஒட்ட வேண்டிய நாள் வந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை.

"வேணாம் தம்பி. வலியோட இருந்தாலும் இருக்கட்டும். உசுரோட இருக்கட்டும்."

அண்ணன் மேசையில் கவிழ்ந்தபடியே கேட்டார், "ஒட்டப் போறியா இல்லியாடி?"

"மாட்டேன்."

"ஒனக்கு நான் உசுரோட இருக்கணும். எனக்குப் படுக்கணும்."

"படுத்தீங்கன்னா எந்திரிக்க மாட்டீங்க."

"எந்திரிச்சேனே. அதான் எழுப்பிட்டானுவளே எல்லாருமாச் சேந்து."

அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார். நான் உறையை எடுத்து ஒட்டியிருக்கலாம். சாமி படம் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. ஆனால் ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான். நாளைக்கு எதுவும் ஆகிவிட்டால் நான் பஸ் ஏறிவிடுவேன். அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் அண்ணி. அதனால் கை நீட்டவில்லை. வலிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த சொட்டு மருந்தை வாயில் விட்டோம், பெரும்பாலும் வெளியே வந்தது. இரவும் பகலும் ஒன்றாகிப்போயின. அண்ணன் முனகுவதைக் கேட்டுக்கேட்டு, முனகாமல் இருந்தால்தான் தூக்கிவாரிப்போடும். அண்ணியும் நானும் பேசிக்கொள்வதே குறைந்தது. சோறு போட்டார், தின்றேன்.

கூட்டாளி தினமும் வந்து வாசலோடு நின்றார். உள்ளே வரவில்லை. அன்று நடந்ததிலிருந்து அவருக்குச் சத்தமும் குறைந்துவிட்டது. ஒருநாள் அண்ணனே அவரைக் கூப்பிட்டார்.

"பிளாஸ்திரிதான் இல்லியே. இப்பச் சூடு பட்டா என்னா? மணலுக்குத் தூக்கிட்டுப் போங்கடா."

அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. மருந்து உடம்பில் இல்லை, மணல் கெடுதல் செய்யாது. அண்ணிக்கும் மறுக்க முடியவில்லை. மருந்துதான் கொடுக்கவில்லை, மணலாவது கொடுப்போம் என்று நினைத்திருக்கலாம். நாலு பேர் நாற்காலியின் நாலு காலையும் பிடித்துத் தூக்கினோம்.

வாசற்படி இறங்கும்போதே பல்லைக் கடித்தார். தெரு மேடு பள்ளம். நாங்கள் என்ன பதமாக அடி வைத்தாலும் நாலு பேர் நடை ஒன்றாகாது. ஒவ்வோர் அடிக்கும் நாற்காலி கொஞ்சம் சாயும், அவர் முதுகு கொஞ்சம் திரும்பும். முதலில் "மெதுவா" என்றார். பிறகு "வைடா" என்றார். பிறகு சொல்லே வரவில்லை, சத்தம் மட்டும்தான் வந்தது. தெருவின் பாதியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், நாற்காலியை இறக்கினோம். குடத்தோடு நின்ற பெண்கள் ஒதுங்கினார்கள். கடல் அங்கிருந்து தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கைலி நனைந்து, நாற்காலி வழியாகத் தரையில் சொட்டியது. கூட்டாளி சட்டென்று தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் மடியில் போட்டார்.

அப்போதுதான் எனக்குக் கணக்கு விளங்கியது. பிளாஸ்திரி இல்லாமல் அவரை மணலுக்குக் கொண்டுபோக முடியாது. பிளாஸ்திரி இருந்தால் மணலில் போட முடியாது. இனி அவருக்கு அந்த மணல் கிடையாது.

அண்ணி எங்களுக்குப் பின்னால் தெருவில் நின்றிருந்தார். ஓடி வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கொண்டாங்க" என்றார். திரும்பி எங்களுக்கு முன்னால் நடந்தார்.

நாங்கள் வந்து சேரும்போது உறை அவர் கையில் இருந்தது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர், துணி, கத்தரி. நான் கை நீட்டினேன். "நான் ஒட்டுறேன்" என்றார். இதுவரை கை நடுங்கும் என்று சொன்னவர்.

முதலில் அண்ணனைத் துடைத்து வேறு கைலி கட்டிவிட்டார். பிறகு நெஞ்சில் இடது பக்கம் முடியை நறுக்கினார். பழைய இடம் இன்னும் சிவந்திருந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை. துடைத்துவிட்டு ஊதி ஊதிக் காயவைத்தார்.

"இங்க பாருங்க" என்றார். "இனிமே மணலு கிணலுன்னு கேட்டீங்கன்னா…"

"கேக்கல."

"வெயில்ல ஒக்காரக் கூடாது. காய்ச்சல் அடிச்சா மறைக்காமச் சொல்லணும். நான் கூப்பிட்டா 'ம்'னு சொல்லணும். எந்நேரம் கூப்பிட்டாலும் சொல்லணும்."

"சொல்றேன்டி. முதல்ல ஒட்டு."

ஒட்டினார். ஓரம் தூக்காமல் இருக்க உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். அப்படியே இருந்தார். கொஞ்ச நேரம் அழுத்தினால் போதும், அவர் எடுக்கவே இல்லை. தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. வாசலில் கூட்டாளி வேறு பக்கம் பார்த்தார்.

அண்ணன் மேசையிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னார், "கைய எடுடி. ஒன் கைச்சூடு ஏறி நான் போய்ச் சேந்தேன்னா, அதுக்கும் இவன்தான் வண்டி புடிக்கணும்."

அண்ணி சடாரென்று கையை எடுத்தார். எடுத்த கையாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தார். வலித்திருக்கும். அண்ணன் சிரித்ததுபோலத்தான் இருந்தது. கூட்டாளி வெளியே மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

மருந்து ஏற மறுநாள் மதியம் ஆகும். அதுவரைக்கும் அவருக்கு நாற்காலியும் தலையணையும்தான், எங்களுக்கு அவருடைய முனகல்தான். அதற்குப் பிறகும், அவர் படுத்துத் தூங்கத் தூங்க, யாராவது ஒருவர் பக்கத்தில் விழித்திருந்து கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணி ஒருவரால் ஆகாது. விசாகப்பட்டினத்துக் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்க என்றேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். தெரியலைங்க என்று சொல்லிவிட்டு, பாயைத் தட்டி வெயில் படாத மூலையாகப் பார்த்து விரித்தேன்.